கம்பளத்திற் கண்ட சங்கு

சீனத்தின் பெயரைத் தாங்கிக்கொண்டு எமது வீடுகளிலே வாழும் பொருள்கள் சில உள. தேநீருக்கு இடும் சீனி, பொரியலுக்கு உதவும் சீனச்சட்டி, திருநாளிற் சிறுவர் கொளுத்தும் சீனவெடி, கலங்கிய நீரைத் தெளிவிக்கும் சீனக்காரம் ஆகியவற்றை எண்ணிப் பாருங்கள். அவை எந்நாளில், எவர் கையால் இக்கரை சேர்ந்தன என்று நாம் கேட்பதில்லை. வீட்டுப் பிள்ளைகளைப்போல எம்முடன் கலந்துவிட்டன. ஆனால், சீனரது கைத்திறனிலே புகழ்பெற்ற கம்பளம் மாத்திரம் இவ்வாறு எமது வீட்டினுள் வந்து குடியேறவில்லை. வெயில் காயும் நாட்டிலே கம்பளி விரிப்பு எதற்கு? ஓலைப்பாயும் சாணமிட்ட தரையுமே எமது முன்னோர்க்குப் போதுமாயிருந்தன. ஆகவே, பழஞ் சீனக் கம்பளம் என்பதை நாம் நூல்களிலே கண்டதுண்டேயன்றிக் கையாலே தொட்டதில்லை. படிப்பு மட்டும் உள்ளவன் தீர்ப்புச் சொல்லப் புகுந்தால் என்ன நேரும் என்பதை, அண்மையில் மன்னார்த் தீவிலுள்ள தாழ்வுபாட்டிலே கற்றுக்கொண்டோம். கற்ற பாடத்தை வாசக நேயர்களிடம் ஒப்புவிப்பதே இவ்வாரம் எமது கடமையாகின்றது.

எம்மிடம் முன்பு கல்வி கற்ற மாணவர் ஒருவர் சரக்குக் கப்பலொன்றிலே வேலை பார்க்கின்றார். தாழ்வுபாடு அவரது ஊர். கப்பல் தங்கிய வெளிநாட்டுத் துறைமுகமொன்றிலே, பழம்பொருட் கடையிற் கண்ட கம்பளம் ஒன்றின் படத்தைக் கைத்தொலைபேசி வழியாக எமக்கு அனுப்பி, "சேர், இது உண்மையாகவே பழசா? கடைக்காரர் இருநூறு வருடம் என்கிறார்" என்று கேட்டிருந்தார். மாணவன் கேட்கிறான், ஆசிரியர் தெரியாது என்று சொல்வதா? நாம் எழுதினோம்: "நிங்சியா வேலைப்பாடு போலத் தெரிகின்றது. நூற்றைம்பது வருடத்துக்குக் குறையாது." இந்த இரண்டு வரிகளை எழுத எமக்கு ஒரு நிமிடமும் ஆகவில்லை. தங்கையின் வீட்டுக்குக் கூரை போடச் சேர்த்துவைத்த பணத்திற் பாதியைக் கொடுத்து அவர் அதனை வாங்கினார் என்பதும், கொழும்பிலே நல்ல விலைக்கு விற்றுவிடலாம் என்று நம்பினார் என்பதும் பின்னரே எமக்குத் தெரியவந்தன.

விடுமுறையில் ஊர் திரும்பியவர், கம்பளத்தை நேரிலே பார்க்குமாறு எம்மை அழைத்தார். மன்னார் நகரிலிருந்து தாழ்வுபாட்டு வீதி வழியே சென்றால், இருமருங்கும் பனைகள் நிரை நிரையாக நிற்கும். வீதி முடியுமிடத்திலே மன்னார்க்குடாக் கடல் திறந்து கிடக்கும். மணலிலே ஏற்றிவிட்ட படகுகள், காயும் வலைகள், கருவாட்டு மணம். அக்கடற்கரைக்கு அண்மையிலேதான் மாணவரது வீடு. விறாந்தையிலே அவரது தாயார் காலை நீட்டியமர்ந்து பனையோலைப் பாய் இழைத்துக்கொண்டிருந்தார். எம்மைக் கண்டதும் எழுந்து, "வாங்க மாஸ்டர், இருங்க" என்று கதிரையைக் காட்டினார். நாம் இருந்தோம். மகன் உள்ளேயிருந்து கம்பளத்தைச் சுருளாகத் தூக்கிவந்து எமது கால்மாட்டிலே விரித்தார்.

அழகிய பொருள்தான்; அதில் ஐயமில்லை. ஐந்தடி நீளம், மூன்றடி அகலம் இருக்கலாம். வாழைப்பழத் தோலின் மங்கிய மஞ்சள் நிறத்தில் வெளி. அதனைச் சுற்றிக் கருநீலக் கரை. கரையிலே சதுரமாக மடிந்து மடிந்து செல்லும் கோலம். நடுவிலே வட்டமாக விரிந்த தாமரை. தாமரையின் இருபுறமும் ஒன்றையொன்று நோக்கியவாறு இரண்டு சங்குகள். ஒவ்வொன்றையும் சுற்றிப் பறக்கும் நாடா. நான்கு மூலையிலும் சிறகு விரித்த வௌவால்கள். இவ்வளவே. மற்றைய இடமெல்லாம் வெறுமை.

அந்த வெறுமையே சீனக் கம்பளத்தின் தனி அழகு என்று கலைவல்லோர் கூறுவர். பாரசீகக் கம்பளத்தை நோக்கினால், கொடியும் பூவும் இலையும் நெருங்கிக் கண்ணுக்கு ஓரிடமும் ஓய்வில்லாதிருக்கும். அது பூத்துக் குலுங்கும் தோட்டம். சீனக் கம்பளமோ, கூட்டித் துப்புரவாக்கிய முற்றத்திலே தனித்து நிற்கும் ஒரு செம்பரத்தை. இதற்குச் சுவை மாத்திரம் காரணமன்று, தொழின்முறையும் ஒரு காரணம். கம்பளம் நெய்வோர் தறியிலே பாவு நூலைக் கட்டி, அந்நூல்களிலே கம்பளி இழைகளைத் துண்டு துண்டாக முடிந்து, ஒரு வரிசை முடிந்ததும் ஊடு நூலைச் செலுத்தி இறுக்குவர். நேர்த்தியான பாரசீகக் கம்பளத்திலே ஒரு சதுர அங்குலத்துள் 300 முடிச்சுக்கு மேலும் இருப்பதுண்டு. பழஞ் சீனக் கம்பளத்திலே பெரும்பாலும் 30 முதல் 60 வரையே. முடிச்சுகள் குறைந்தால் நுண்ணிய கோடு வராது. ஆகவே உருவத்தைப் பெரிதாக எடுத்து, வேண்டாதவற்றை விலக்கி, சுற்றிலும் வெளி விட்டார்கள். தொழிலின் குறை வடிவத்தின் நிறைவாயிற்று.

இக்கம்பளங்களின் தாயகம் கடலோரமன்று. மஞ்சள் ஆற்றங்கரையிலுள்ள நிங்சியா, அதற்கு மேற்கேயுள்ள கான்சு, வடக்கே மொங்கோலிய எல்லை ஆகிய குளிர் நாடுகளே கம்பளித் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. இன்னும் மேற்கே, பாலைவனத்துள் மறைந்த லௌலான் என்னும் பழைய நகரத்திலே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒளரல் ஸ்டைன் என்னும் ஆய்வாளர் முடிச்சுக் கம்பளத் துண்டுகளைக் கண்டெடுத்தார். அவை ஏறத்தாழ ஆயிரத்தெழுநூறு ஆண்டுப் பழைமை உடையன. குளிர்காலத்திலே அடியில் நெருப்பிட்டுச் சூடாக்கும் செங்கல் மேடையிலே வடசீனத்தார் உறங்குவர். அம்மேடைக்கு விரிப்பு வேண்டும். குதிரைச் சேணத்துக்கு விரிப்பு வேண்டும். பௌத்த மடங்களிலே துறவிகள் அமரச் சிறு விரிப்புகள் வேண்டும். அம்மடங்களின் தூண்களுக்கும் கம்பளம் சுற்றினார்கள். அதனைத் தரையிலே விரித்தால் கடல்நாகத்தின் உடல் துண்டு துண்டாய்க் கிடப்பதுபோலத் தோன்றும். தூணிலே சுற்றி இரு விளிம்பையும் சேர்த்துவிட்டால், நாகம் முழு உடலுடன் தூணைச் சுற்றி மேலேறி நிற்கும். எங்கே இருக்கப் போகின்றது என்பதை எண்ணியே வடிவத்தை வகுத்த அறிவுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நிறங்களிலே நீலம் முதன்மை பெறும். அஃது அவுரியிலிருந்து பெற்றது. மஞ்சளும் தந்த வெண்மையும் அதற்குத் துணை. சிவப்பு அருமை. ஆனால் அதிலும் ஒரு வியப்பு உண்டு. அரண்மனைக் கம்பளங்கள் சிலவற்றின் சாயத்தை ஆராய்ந்தோர், இன்று மஞ்சளாகக் காண்பது ஒருகாலத்திற் சிவப்பாயிருந்தது என்று கண்டனர். பதங்க மரத்தின் கட்டையிலிருந்து எடுத்த செஞ்சாயம் ஒளி பட்டுப் பட்டு வெளிறிப் போயிற்றாம். நாம் அரச மஞ்சள் என்று போற்றுவது காலம் தின்று மீந்த சிவப்பு.

இனி உருவங்களைப் பார்ப்போம். எமது புலவர்கள் சிலேடை பாடுவதில் வல்லவர்கள். சீனரோ சிலேடையை நெய்துவிட்டார்கள். வௌவாலுக்குச் சீன மொழியிலே 'பூ' என்று பெயர். நற்பேற்றுக்கும் ஒலியளவில் அதுவே பெயர். ஆகவே வௌவால் வீட்டுக்குள் வந்தால் நற்பேறு வந்ததாகும். ஐந்து வௌவால்களைச் சேர்த்துப் போட்டால் நீண்ட ஆயுள், செல்வம், நோயின்மை, அறத்தில் விருப்பம், இயற்கையான முடிவு ஆகிய ஐந்து பேறும் குறிக்கும். மீன் 'யூ'; மிகுதியும் 'யூ'. பூச்சாடி 'பிங்', அமைதியும் 'பிங்'. மான் 'லூ', அரசு தரும் ஊதியமும் 'லூ'. கம்பளத்திலே மீன் நீந்தினால், வீட்டிலே என்றும் மிச்சம் இருக்கட்டும் என்பது வாழ்த்து. நாம் இவ்வாறு விளக்கிக்கொண்டிருக்கையில், தாயார் வாய்விட்டுச் சிரித்தார். "எங்கட ஊரில வவ்வால் அடையிற வீட்டப் பாழடைஞ்ச வீடெண்டல்லோ சொல்லுவம்!" என்றார். ஊருக்கு ஊர் சகுனம் வேறு என்று கூறி நாமும் சிரித்தோம்.

சங்கினைப் பற்றிக் கூறத் தொடங்கியபோது அவரது கை பாயிலே நின்றது. சீனக் கம்பளங்களிலே பௌத்த மங்கலச் சின்னங்கள் எட்டு அடிக்கடி இடம்பெறும்: சக்கரம், சங்கு, குடை, விதானம், தாமரை, கும்பம், இணைமீன், முடிவிலா முடிச்சு. இவற்றிற் பெரும்பாலானவை எமது கோயிலிலும் கலியாண வீட்டிலும் அன்றாடம் காண்பவை. பௌத்த சமயம் இந்தியாவிலிருந்து சீனம் சென்றபோது அதனுடன் சென்றவை. சமயம் சென்ற வழி ஒன்றன்று. பாலைவனத்தூடாக ஒட்டக வழியும் உண்டு. கடல் வழியும் உண்டு. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பாகியன் என்னும் சீனத் துறவி இலங்கையில் இரண்டு ஆண்டு தங்கி, ஏடுகளைப் பெற்றுக்கொண்டு, இங்கிருந்தே கப்பலேறித் தாயகம் திரும்பினார். தாழ்வுபாட்டிலிருந்து தீவைக் கடந்து பெருநிலத்திற் கால் வைத்தால், திருக்கேதீச்சரத்தை அடுத்து மாந்தைத் துறைமுகத்தின் மேடு கிடக்கின்றது. அங்கே 1980 முதல் 1984 வரை நிகழ்ந்த அகழாய்விலே சீன மட்பாண்டத் துண்டுகள் வெளிப்பட்டன. இன்னும் பிற்காலத்திலே சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ, 1409ஆம் ஆண்டைக் குறித்த கல்லொன்றைச் சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழியிலும் பொறிப்பித்து இலங்கையில் நிறுத்தினார். தமிழ்ப் பகுதி தென்னாவர நாயனாருக்கு அளித்த காணிக்கைகளைக் கூறுகின்றது. காணிக்கைகளிலே பொன்னும் வெள்ளியும் பட்டும் உள. 1911இல் காலியிலே கண்டெடுக்கப்பட்ட அக்கல் கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றது. ஆக, சீனர்க்கு எமது கடல் புதிதன்று.

சங்குக்கும் எமது கடலுக்கும் உள்ள உறவோ இன்னும் நெருங்கியது. பூசைக்கு உரிய வெண்சங்கு உலகின் எல்லாக் கடலிலும் கிடைப்பதன்று. இந்தியக் கரையோரமும் இலங்கையின் வடபுலக் கடலுமே அதன் வாழ்விடம். மன்னார்க்குடா அவற்றுள் முதன்மையானது. திபெத்திலும் சீனத்திலும் மடங்களிலே ஊதியதும் அச்சங்கின் இனமே. அங்கும் வலம்புரிக்கே ஏற்றம். கடலையே காணாத மலைநாட்டுத் துறவி எமது கடலின் சங்கைக் கையில் ஏந்தினார். அதைப் பார்த்து வரைந்த உருவத்தை நிங்சியாவின் நெசவாளி கம்பளியிலே முடிந்தார்.

தாயார் எழுந்துவந்து கம்பளத்தருகே குந்தினார். அவருடைய கணவர் சங்கு குளித்தவர். காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. விரலால் ஒரு சங்கின் சுழியைத் தொடர்ந்து சென்று, பின் மற்றைய சங்கையும் தடவினார். "மாஸ்டர், இதில ஒண்டு வலம்புரி, மற்றது இடம்புரி. இவர் ரெண்டையும் சோடியாப் போட்டிருக்கிறார். கடல் தெரிஞ்ச ஆள் இப்பிடிப் போடமாட்டான். லட்சத்தில ஒண்டு கிடைக்கிறது இப்பிடிப் பக்கத்தில பக்கத்தில கிடக்குமே?" என்றார். நாம் அரைமணி நேரம் அக்கம்பளத்தைப் பார்த்திருந்தும் எமது கண்ணிற் படாதது அது. ஒருபுறம் போட்ட உருவத்தை மறுபுறம் கண்ணாடியிற் போலத் திருப்பிப் போடுவது நெசவாளர் வழக்கம். சங்கை அவ்வாறு திருப்பினால் இடம்புரி வலம்புரியாகிவிடும் என்பதை நெய்தவர் அறியார். படித்த நாமும் எண்ணிப் பார்த்தோமில்லை.

"உங்கள் பாயிலே இப்படிச் சங்கு இழைக்கலாமா?" என்று கேட்டோம். "ஓலை வளையாது மாஸ்டர். ஓலை மூலைக்குத்தான் திரும்பும். கட்டம் வரும், சாய்வரி வரும், நட்சத்திரம் வரும். சங்கு வராது" என்றார். முடிச்சுகளின் எண்ணிக்கை வடிவத்தைத் தீர்மானிக்கின்றது என்று நூலிலே நாம் படித்த பேருண்மையை, அவர் தமது மடியிலே கிடந்த ஓலையை வைத்து நான்கு சொல்லிலே முடித்துவிட்டார்.

அதன்பின் அவர் செய்ததுதான் எம்மை நிலைகுலையச் செய்தது. பாய் இழைப்போர் பிறர் இழைத்த பாயைக் கண்டால் உடனே புரட்டிப் பார்ப்பர். முன்பக்கம் பார்ப்பது வாங்குபவர் வேலை. அவரும் கம்பளத்தின் ஒரு மூலையைப் பிடித்துப் புரட்டினார். சற்றுநேரம் பார்த்தார். மீண்டும் முன்பக்கத்தைத் திருப்பி உள்ளங்கையால் நடுவிலும் கரையிலும் மூலையிலும் அழுத்தித் தடவினார். பின்பு மகனைப் பார்த்து மெல்லச் சொன்னார்: "தம்பி, முன்பக்கம் பாத்தாக் கிழவி, பின்பக்கம் பாத்தாக் குமரி."

மகன் எம்மைப் பார்த்தார். நாம் அவர் முகத்தைப் பாராது கம்பளத்தைப் பார்த்தோம்.

தாயார் விளக்கினார். மனிதர் பாவித்த பாய் ஒரே சீராகத் தேயாது. தலை வைத்த இடம், தோள் பட்ட இடம், இடுப்பு அழுந்திய இடம் முந்தித் தேயும். காலடிப் பக்கம் பிந்தித் தேயும். இருந்து எழும்பும் தடுக்கிலே நடு தேயும். ஓரம் புதிதாக இருக்கும். இந்தக் கம்பளமோ மூலைமுதல் மூலைவரை ஓரளவாகத் தேய்ந்திருக்கின்றது. "இது ஆள் நடந்து தேஞ்சதில்ல. ஆரோ தேச்சது" என்றார்.

நாம் ஒரு வெள்ளைத் துணியை வாங்கி நீரில் நனைத்துப் பிழிந்து நீலக் கரையிலே தேய்த்தோம். துணியில் நீலம் ஏறிற்று. இழைகளை விரலால் விலக்கி அடியை நோக்கினோம். அடியிலே பளிச்சென்ற மஞ்சள், நுனியிலே மங்கல், இரண்டுக்கும் இடையே கத்தியால் வெட்டினாற்போல ஒரு கோடு. மருந்து நீரிலே கழுவி, முன்பக்கத்தைச் சிரைத்து, வயதேற்றிய அண்மைக்கால வேலை அது. இந்தச் சோதனைகள் எல்லாம் எமக்குத் தெரியாதவையல்ல, புத்தகத்திலே படித்தவைதாம். படத்தை வைத்துக்கொண்டு இவற்றுள் ஒன்றையேனும் செய்ய இயலாது என்பது மாத்திரம், பதில் எழுதிய அந்நாளிலே எமக்குத் தோன்றவில்லை.

மாணவரிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். "சேர் படத்தைப் பார்த்துத்தானே சொன்னீங்கள். காசு கொடுத்தது நான்தானே" என்றார். இழப்பிற் பாதியை நாம் ஏற்பதாகக் கூறியதற்கும் அவர் இணங்கவில்லை. "இன்னொரு பயணம் போய்வந்தால் சரியாகிவிடும்" என்றார். ஒரு பயணமென்றால் ஒன்பது மாதம். ஒரு நிமிடத்திலே நாம் எழுதிய இரண்டு வரிக்கு இன்னொருவருடைய வாழ்நாளில் ஒன்பது மாதம் விலை. ஆசிரியத் தொழிலிலே உள்ளோர் தமது வாய்ச்சொல்லுக்கு இவ்வளவு பெறுமதி உண்டு என்பதை அடிக்கடி நினைத்தல் நன்று.

அவர்க்குச் செய்ய இயலாத உதவியை வாசகர்க்காயினும் செய்தல் வேண்டும். பழங் கம்பளம், பழம்பட்டு, பழம்பாய் என எதனை வாங்க நினைப்பவரும் சிலவற்றைக் கவனித்தல் நலம். முதலாவது, பின்பக்கத்தைப் பாருங்கள். நூறாண்டு தரையிலே கிடந்த கம்பளத்தின் பின்முடிச்சுகள் அழுந்தி வழுவழுப்பாயிருக்கும். இரண்டாவது, தேய்வு எங்கே என்று தேடுங்கள். வாழ்ந்த பொருள் ஓரிடம் தேய்ந்தும் ஓரிடம் நிறைந்தும் இருக்கும். மூன்றாவது, இழையை விலக்கி அடிமுதல் நுனிவரை நிறத்தை நோக்குங்கள். ஒளியினால் வெளிறிய நிறம் மெல்ல மெல்லக் குறையும். மருந்தினால் வெளிறியது திடீரென மாறும். நான்காவது, நனைந்த வெள்ளைத் துணியாலே தேய்த்துப் பாருங்கள். ஐந்தாவது, கம்பளியின் உயிர்ப்பைத் தொட்டு உணருங்கள். நல்ல பழங் கம்பளி எண்ணெய்ப் பசையுடன் மினுங்கும். காரமருந்து பட்டது வைக்கோலைப்போல வறண்டிருக்கும். இவற்றுள் எதுவும் தனித்துத் தீர்ப்புக்குப் போதாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கையாலே தொழில் செய்தவர் ஒருவரை அழைத்துச் சென்று காட்டுங்கள். படத்தை ஒருவருக்கும் அனுப்பிக் கேளாதீர்கள். கேட்டால் எம்மைப் போன்றோர் பதில் சொல்லிவிடுவர்.

இந்த ஏமாற்று புதிதுமன்று. 1900ஆம் ஆண்டிலே எட்டு நாட்டுப் படைகள் பீக்கிங் நகரினுட் புகுந்தன. அதன்பின் சீனக் கம்பளத்தின் மீது மேனாட்டார்க்கு மோகம் மிகுந்தது. பீக்கிங்கிலும் தியன்சினிலும் தொழிற்சாலைகள் பெருகி, 1920களிலே கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்குச் சென்றன. புதியதைப் புதியதென்று விற்றவர் பலர். அவர்களுடைய கம்பளங்களும் இன்று நூறாண்டை எட்டித் தம் உரிமையாலேயே பழையன ஆகிவிட்டன. பழையதை விரும்புவோர் பெருகியபோது, பழைமையை மருந்திலே காய்ச்சுவோரும் தோன்றினர்.

மாலையிலே தாயார் எமக்குப் பாய் இழைக்கும் முறையைக் காட்டினார். குருத்தோலையை வெட்டி, வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமாக வார்ந்து எடுக்கவேண்டும். உச்சி வெயிலிலே இழைத்தால் ஓலை முறியும். ஆகவே பனி ஈரம் உள்ள விடியற்காலையும் கடற்காற்று வீசும் மாலையுமே ஏற்ற வேளை. சாய ஓலையைக் கொதிநீரிலே தோய்த்து எடுப்பர். தறி இல்லை, பாவு இல்லை, பத்து விரலும் கண்ணுமே கருவி. ஒரு பாய்க்கு எத்தனை நாள் என்று கேட்டோம். சமையலும் பிள்ளைகளும் விட்ட நேரத்தைப் பொறுத்தது என்றார். விலையைச் சொன்னபோது மகன் தலை குனிந்தார். அவர் வாங்கிய கம்பளத்தின் விலைக்கு, தாயார் தம் ஆயுள் முழுதும் இழைத்த பாயெல்லாவற்றையும் வாங்கியிருக்கலாம். இப்பொழுது பிளாஸ்திக்குப் பாய் வந்தபின் அதற்கும் ஆளில்லை. யாருக்காவது கற்றுக்கொடுத்தீர்களா என்று வினவினோம். "ஆரும் கேக்கேல்லையே மாஸ்டர்" என்றார்.

அந்த விடையை எழுதும்போது எமக்கே நாணமாக இருக்கின்றது. நிங்சியாவிலே ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை முடிச்சு என்பதை அறிந்திருந்தோம். மன்னாரிலே பல ஆண்டுகள் மாணவர்க்குக் கற்பித்தும், ஒரு பாய்க்கு எத்தனை ஓலை என்று ஒருநாளேனும் கேட்டோமில்லை.

புறப்படும்போது, கம்பளத்தை என்ன செய்வதென்று மகன் தாயாரிடம் கேட்டார். மறுபடி ஏமாற்றி விற்பதற்கு அவருக்கு மனமில்லை. சுருட்டி மூலையில் வைப்பதற்கும் மனமில்லை. தாயார் அதனைத் தூக்கி உதறி, வெயிலிற் காட்டி, உள்ளறையின் நடுவிலே விரித்தார். மகளுடைய சின்னப் பிள்ளை ஓடிவந்து சங்கின்மேல் அமர்ந்துகொண்டது.

"கட்டினவன்ர கையில பிழையில்ல. நல்லாத்தான் கட்டியிருக்கிறான், பொய் சொன்னது வித்தவன்" என்றார் தாயார். "பழசில்லாட்டி என்ன? இனி எங்கட பிள்ளைகள் நடந்து பழசாக்கட்டும்."

அவரிடம் நாம் வாங்கிவந்த பாய், இக்கட்டுரையை எழுதும் இவ்வேளையிலே எமது அறையில் விரிந்து கிடக்கின்றது. இன்னும் ஓலை மணம் போகவில்லை, எங்கும் தேய்வில்லை.